வெயில் தோட்டத்தில் அகேவ்: இடம் பார்ப்பது முதல் பூத்து முடிவது வரை

ஆனைக்கற்றாழைக்கும் அதன் உறவான தடித்த மடல் செடிகளுக்கும் பொதுப்பெயர் அகேவ். அகேவ் வளர்ப்பு பற்றித் தேடினால் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை பனி கொட்டும் ஊர்களில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. குளிர்காலம் வந்தால் தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வைக்கச் சொல்கின்றன. செடிக்கு எப்படியாவது வெயில் காட்டச் சொல்கின்றன. மதுரை, விருதுநகர், திருநெல்வேலிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவருக்கு வெயிலுக்கு என்ன குறை? இங்கே அகேவைக் கொல்வது ஐப்பசி, கார்த்திகை மழைதான். வாரக்கணக்கில் ஈரம் காயாத மண்ணில் அடிப்பகுதி அழுகி, ஆறு மாதம் நன்றாக நின்ற செடி ஒரே வாரத்தில் சாய்ந்துவிடும். இதை முன்கூட்டியே சொல்லித் தரும் தமிழ் வழிகாட்டி எதுவும் என் கண்ணில் படவில்லை. நர்சரிக்காரர்களிடமும் தோட்ட வேலை தெரிந்தவர்களிடமும் பல நாள் கேட்டு, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். செடியைக் காசு கொடுத்து வாங்குவது இதில் மூன்றாவது வேலை.

1. இடத்தை மழையில் பாருங்கள்

அகேவுக்கு ஒரு நாளில் குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். நம் ஊரில் அது எளிது. கடினமானது வடிகால். ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் தோட்டத்துக்குள் இறங்கி நடந்து பாருங்கள். எங்கே தண்ணீர் நிற்கிறது, மாடித் தண்ணீர் எந்தக் குழாய் வழியாக எங்கே கொட்டுகிறது, எந்த மூலை முதலில் காய்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் காயும் மூலைதான் உங்கள் இடம்.

மழைக்குக் காத்திருக்க முடியாதவர்கள் ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். பிறகு மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றிய தண்ணீர் மூன்று, நான்கு மணி நேரத்தில் இறங்கிவிட்டால் நல்ல தரை. மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் கிடந்தால் அங்கே தரைமட்டத்தில் எந்த அகேவும் நிலைக்காது. கரிசல் மண்ணில் அநேகமாக இப்படித்தான் நடக்கும். செம்மண்ணிலும் சரளையிலும் தப்பிக்கலாம்.

வடிகாலுக்கு அடுத்தது ஆள் நடமாட்டம். ஒவ்வொரு மடலின் நுனியிலும் ஊசி போன்ற கெட்டியான முள் இருக்கும். குனிந்து களை எடுப்பவரின் கண்ணும் சிறு பிள்ளையின் முகமும் அந்த உயரத்தில்தான் வரும். முழு வளர்ச்சி அடைந்த செடியின் அகலத்தில் பாதியைக் கணக்கிட்டு, அதற்கு மேல் இரண்டடி விட்டுத்தான் நடைபாதை வர வேண்டும். வாசற்படி, தண்ணீர்க் குழாய், துணி காயப்போடும் கொடி, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் இடம் ஆகியவற்றின் பக்கம் கொண்டுபோக வேண்டாம். கழிவுநீர்த் தொட்டியின் மூடிக்கு அருகிலும் வேண்டாம். பிறகு தொட்டியைத் திறக்க நேர்ந்தால் முள்ளுக்குள் யார் இறங்குவார்கள்?

மேலேயும் பாருங்கள். பெரிய வகைகள் பூக்கும்போது பூந்தண்டு இருபது, இருபத்தைந்து அடி வரை எழும்பும். மின்கம்பிக்கு நேர் கீழே நடக் கூடாது என்பது இதனால்தான்.

வேலியாக வைக்க நினைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. எல்லையில் வரிசையாக நட்ட ஆனைக்கற்றாழையைப் பத்து ஆண்டு கழித்து இரண்டடி தள்ளி வைப்பது என்பது நடக்கிற காரியம் இல்லை. பட்டாவையும் புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு எல்லைக் கற்களைச் சரிபாருங்கள். கல் காணாமல் போயிருந்தால் நில அளவைக்கு விண்ணப்பித்து அளந்துவிட்டு நடுங்கள். அளந்த கோட்டிலிருந்து உங்கள் பக்கம் ஆறடியாவது உள்ளே தள்ளி நடுவது நல்லது. மண்ணுக்கடியில் வேர்த்தண்டு ஓடிப் பக்கக் கன்று விடும் செடி இது. கன்று பக்கத்து நிலத்தில் எட்டிப் பார்த்தால் மனக்கசப்பு உங்களுக்குத்தான்.

2. எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

நர்சரியில் எல்லாமே ஒரு சாண் உயரத்தில், ஒரே மாதிரித் தொட்டியில் இருக்கும். ஆறு ஆண்டு கழித்து ஒன்று ஓரடியில் நிற்கும், இன்னொன்று பத்தடி அகலத்துக்குப் பரவியிருக்கும். ஆகவே பெயர் தெரியாமல் வாங்காதீர்கள்.

ஆனைக்கற்றாழை என்று நாம் அழைக்கும் அகேவ் அமெரிக்கானா ஆளுயரம் வளர்ந்து, எட்டு முதல் பத்தடி வரை அகலும். விளிம்பில் மஞ்சள் பட்டை ஓடும் ரகமும் இதுவே. அது சற்று மெதுவாக வளரும், அவ்வளவுதான் வேறுபாடு. அரை சென்ட் முன்தோட்டத்தில் இதை வைப்பது பிறகு வெட்டி எறிவதற்காக வைப்பது. தோப்பு, பண்ணை வீடு, நீண்ட வேலி என்றால் வையுங்கள். வெயிலையும் வறட்சியையும் இதைப் போலத் தாங்குவது அரிது.

வெள்ளை விளிம்புள்ள, ஈட்டி ஈட்டியாக மடல் நீட்டி நிற்கும் அங்குஸ்டிஃபோலியாவைப் பூங்காக்களிலும் அலுவலக வளாகங்களிலும் பார்த்திருப்பீர்கள். மூன்று, நான்கு அடிக்குள் அடங்கும். விலை குறைவு, நம் வெயிலுக்கு ஏற்றது. முதல் முறை வளர்ப்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். ஒரே எச்சரிக்கை, நுனி முள் மிகக் கூர்மையானது.

பிள்ளைகளும் நாயும் உள்ள வீடு என்றால் அட்டெனுவாட்டாவைப் பாருங்கள். மடல் மெத்தென்று இருக்கும். நுனியிலும் விளிம்பிலும் முள் இல்லை. ஆனால் இது மெக்சிகோவின் மலைப்பகுதிச் செடி. சமவெளியில் சித்திரை, வைகாசியின் பிற்பகல் வெயில் இதன் மடலைக் கருக்கிவிடும். வீட்டின் கிழக்குப் பக்கத்தில், காலை வெயில் விழுந்து மதியத்துக்குப் பிறகு சுவர் நிழல் வரும் இடத்தில் வையுங்கள். ஊட்டி போல உறைபனி விழும் இடங்களில் திறந்த வெளியில் வைக்க வேண்டாம்.

விக்டோரியே ரெஜினே அழகி. கரும்பச்சை மடல்களில் வெள்ளைக் கோடு வரைந்து, உருண்டையாக ஓரடி, ஒன்றேகால் அடியில் நின்றுவிடும். மிக மெதுவாக வளரும். பக்கக் கன்றும் அநேகமாக விடாது. விலை ஏறி நிற்பதற்கு இவ்விரண்டும் காரணம். மழைநீர் தேங்குவதை இது சற்றும் பொறுக்காது. முதல் செடியாக இதை வாங்காதீர்கள். உங்கள் மேடு ஒரு மழைக்காலத்தைக் கடந்து தேறிய பிறகு வாங்குங்கள்.

நார் எடுக்கும் சிசலானா ரயில் பாதை ஓரங்களிலும் வரப்புகளிலும் நிற்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. கன்று விட்டுக்கொண்டே இருக்கும், அடக்கி வைப்பது ஓயாத வேலை.

எல்லாருக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை. சோற்றுக் கற்றாழை என்று நினைத்து அகேவ் மடலை வெட்டி முகத்தில் தடவுவதும், சாறு பிழிந்து குடிப்பதும் ஆபத்து. அகேவ் சாற்றில் உள்ள நுண்ணிய ஆக்சலேட் ஊசிகள் தோலைக் கொப்புளம் கட்ட வைக்கும். அடையாளம் எளிது: சோற்றுக் கற்றாழை மடலை ஒடித்தால் உடனே ஒடியும், உள்ளே வழுவழுப்பான சோறு இருக்கும். அகேவ் மடல் ஒடியாது. நார் நாராக இழுத்துக்கொண்டு நிற்கும். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் வேலைக்கு வருபவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

3. எங்கே வாங்குவது, என்ன தாள் கேட்பது

விலை ஊருக்கு ஊர் மாறும். நான் விசாரித்த இடங்களில் ஆறு அங்குலத் தொட்டியில் அங்குஸ்டிஃபோலியா நூறிலிருந்து இருநூறு ரூபாய். அட்டெனுவாட்டா இருநூற்றைம்பதிலிருந்து அறுநூறு வரை. விக்டோரியே ரெஜினே அறுநூறில் தொடங்கி, அளவைப் பொறுத்துப் பல ஆயிரம் வரை போகும். ஆனைக்கற்றாழைக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். வரப்பில் வைத்திருக்கும் விவசாயியிடம் கேட்டால் கன்றுகளை எடுத்துக்கொண்டு போங்கள் என்பார்.

கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். காப்புக்காட்டிலிருந்து செடியைப் பிடுங்கி வருவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ரயில்வே நிலத்தில் நிற்பதும் யாருக்கும் சொந்தமில்லாத செடி அல்ல. பாதையோரம் சும்மாதானே நிற்கிறது என்று கடப்பாரையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

நர்சரியில் ரசீது கேளுங்கள், அதில் வகையின் பெயரை எழுதச் சொல்லுங்கள். கூரியரில் வரவழைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். படத்தில் காட்டிய ரகம் வேறு, வந்தது வேறு என்றால் பெயர் எழுதிய ரசீதும், பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த படமும் இல்லாமல் வாதாட முடியாது. கூரியரில் வரும் அகேவ் வேர் வெறுமனே, மண் இல்லாமல் வரும். அதைக் கண்டு பதற வேண்டாம். ஓரிரு வாரம் மண்ணில்லாமல் இருப்பது இந்தச் செடிக்குப் பெரிய துன்பமில்லை. ஈரத் துணி சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுக்கி அனுப்புவதுதான் கெடுதல். உலர்ந்த தாளில் சுற்றி அனுப்பும்படி முன்னரே சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டு விற்பனையாளர்கள் விதையையும் கன்றையும் சாதாரண அஞ்சலில் அனுப்புவதாகச் சொல்வார்கள். மயங்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, நடுவதற்கான செடியோ விதையோ நாட்டுக்குள் வர இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். வேரில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. வந்ததைச் சோதிக்கும் மண்டல நிலையம் சென்னை மீனம்பாக்கத்தில் இருக்கிறது. இவை போக, விக்டோரியே ரெஜினே செடி அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் உள்ளது; அகேவ் பார்விஃப்ளோரா அதைவிடக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளது. தாள் இல்லாமல் வரும் பொட்டலம் சுங்கத்தில் பிடிபட்டால் காசும் போகும், செடியும் போகும். இரண்டு செடிக்காக இந்த அலைச்சல் வேண்டாம். திசு வளர்ப்பில் உருவான நல்ல கன்றுகள் உள்நாட்டு நர்சரிகளிலேயே கிடைக்கின்றன.

வாங்கும்போது குருத்தைப் பாருங்கள். கெட்டியாக, நிமிர்ந்து நிற்க வேண்டும். அடி மடலை விரலால் அழுத்துங்கள், அமுங்கினால் வேண்டாம். மடல் இடுக்குகளில் வெள்ளைப் பஞ்சு போல் தெரிந்தால் மாவுப்பூச்சி. அந்தச் செடியை மட்டுமல்ல, அதன் பக்கத்துச் செடியையும் விட்டுவிடுங்கள்.

4. நடும் நாள்

தை பிறந்ததிலிருந்து பங்குனி முடிய நடலாம். தையில் நட்டால் மிகவும் நல்லது. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர் பிடிக்க எட்டு, ஒன்பது மாதம் கிடைக்கும். அக்னி நட்சத்திரத்தில் நட்டாலும் செடி சாகாது, ஆனால் நிழல்வலை கட்டி நிழல் கொடுக்க வேண்டியிருக்கும். புரட்டாசிக்கு மேல் நடவே வேண்டாம். ஐப்பசியில் நர்சரிகளில் செடிகள் தளதளவென்று நிற்கும், வாங்கத் தூண்டும். வாங்கினாலும் மழை படாத திண்ணையில், தொட்டியிலேயே தை வரை வைத்திருங்கள்.

5. மேடு

இதுதான் முழு வேலையின் உயிர். இதற்குச் செலவழிக்கும் பணம் செடிக்குச் செலவழிப்பதைவிட அதிகமாக இருக்கும், இருக்கவும் வேண்டும்.

குழி தோண்டி அதில் மணலும் ஜல்லியும் நிரப்பி நடுவதைப் பலர் செய்கிறார்கள். சுற்றிலும் களிமண்ணோ கரிசலோ இருந்தால் அந்தக் குழி மழைநீரை வாங்கி வைத்துக்கொள்ளும் தொட்டியாகிவிடும். ஆகவே கீழே தோண்டாதீர்கள், மேலே எழுப்புங்கள். செம்மண்ணில் ஓர் அடி உயரம் போதும். கரிசலில் ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது.

கலவை எளியது: செம்மண் ஒரு பங்கு, எம்-சாண்ட் ஒரு பங்கு, கால் அங்குல ஜல்லி ஒரு பங்கு. எம்-சாண்ட் வாங்கும்போது கட்டுமானத்துக்குப் பயன்படும் பருமனான ரகத்தைக் கேளுங்கள். பூச்சு வேலைக்கான பி-சாண்ட் மாவாக இருக்கும். தண்ணீர் பட்டால் இறுகிவிடும். கடற்கரை மணல் உப்பு, தொடவே வேண்டாம். உடைந்த செங்கல், ஓடு கிடைத்தால் ஜல்லிக்குப் பதில் சிறு துண்டுகளாக்கிப் போடலாம். சுண்ணாம்பும் சிமென்டும் கலந்த கட்டிட இடிபாட்டை அப்படியே கொட்டாதீர்கள். மக்கிய தொழுவுரம் பத்துச் சட்டிக்கு ஒரு சட்டி போதும். மற்ற செடிகளுக்குப் போடுவது போலத் தாராளமாகப் போட்டால் மேடு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பத்தடி நீளம், ஆறடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள மேட்டுக்குத் தொண்ணூறு கன அடி கலவை வேண்டும். அதாவது ஒவ்வொன்றும் முப்பது கன அடி. ஒரு யூனிட் என்பது நூறு கன அடி என்பதால் முழு யூனிட் இறக்கிவிடாதீர்கள். கால் யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். சிமென்ட் சாக்கில் மூட்டையாக வாங்கினால் இருபத்தைந்து மூட்டை வரும். மூட்டை அறுபது ரூபாய் என்றால் மணலுக்கு ஆயிரத்து ஐந்நூறு. ஜல்லிக்கு ஏறத்தாழ அதே அளவு அல்லது சற்றுக் கூடுதல், செம்மண்ணுக்கு எண்ணூறு, சுற்றிலும் இரண்டு வரிசை ஹாலோ பிளாக் அடுக்க நாற்பத்தெட்டுக் கல், அது இரண்டாயிரத்து நானூறு, இரண்டு பேருக்கு ஒரு நாள் கூலி. எல்லாம் சேர்த்து எட்டாயிரத்தை ஒட்டி வரும். ஒரே ஒரு செடிக்கு என்றால் கல் வேண்டாம். மூன்றடி அகலத்தில் மண் சரியாதபடி ஓர் அடி குவித்தால் போதும், பதினைந்து சட்டிக் கலவை பிடிக்கும்.

கல் அடுக்குபவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது, அடி வரிசையில் இரண்டு கல்லுக்கு ஓர் இடைவெளி விட வேண்டும், சிமென்ட் பூசி அடைக்கக் கூடாது. அழகாக இருக்க வேண்டும் என்று நல்ல எண்ணத்தில் அவரே பூசிவிடுவார். பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

மேட்டை எழுப்பிய பின் இரண்டு முறை நன்றாகத் தண்ணீர் ஊற்றி, ஒரு வாரம் அமுங்க விடுங்கள். அமுங்கிய இடத்தை நிரப்பிவிட்டு நடுங்கள்.

6. நடுதல்

முழங்கை வரை வரும் தோல் கையுறை, கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த சாக்கு, முழுக்கை சட்டை. கையுறையும் கண்ணாடியும் சேர்ந்து நானூறு ரூபாய்க்குள் முடியும். இவை இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். வேலைக்கு ஆள் வைத்தால் அவருக்கும் வாங்கிக் கொடுங்கள். பெரிய செடியென்றால் மடல்களை மேல்நோக்கிச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, சாக்கைச் சுற்றிவிட்டுத் தூக்குங்கள்.

தொட்டியிலிருந்து எடுத்ததும் வேரைப் பாருங்கள். பெரும்பாலான நர்சரிகள் தென்னை நார்க் கழிவில் வளர்க்கின்றன. தொட்டியில் அது சரி. தரையில் அப்படியே நட்டால் மேடு முழுக்கக் காய்ந்திருக்கும்போதும் வேரைச் சுற்றி மட்டும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அழுகல் அங்கிருந்துதான் கிளம்பும். கையால் உதிர்த்து, மிச்சத்தைத் தண்ணீரில் அலசி, வேர் வெறுமையாகும் வரை எடுத்துவிடுங்கள். கறுத்த வேர், கூடு போலச் சுருண்ட பழைய வேர் ஆகியவற்றைக் கூர்மையான கத்தியால் நறுக்குங்கள். பிறகு நிழலில், காற்று படும் இடத்தில் நான்கு முதல் ஏழு நாள் செடியைச் சும்மா வையுங்கள். வெட்டுக்காயம் உலர்ந்து தோல் மூடும் காலம் அது. இந்த ஒரு வாரத்தைப் பொறுக்க முடியாமல் அன்றைக்கே நடுபவர்கள்தான் அதிகம்.

நடும்போது மடல் தொடங்கும் கழுத்துப் பகுதி மண்ணுக்கு ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும். மண் அமுங்கும்போது அது தானாகச் சரியான மட்டத்துக்கு வரும். ஆழமாகப் புதைத்தால் நேராக நிற்கும் என்று தோன்றும், அது தவறு. ஆடினால் மூன்று பெரிய கல்லை முட்டுக் கொடுங்கள். கழுத்தைச் சுற்றி ஜல்லியோ கூழாங்கல்லோ இரண்டு அங்குலம் பரப்புங்கள். வைக்கோல், சருகு, மரத்தூள் மூடாக்கு இந்தச் செடிக்கு ஆகாது.

நட்ட அன்று தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர்.

இன்னொன்று, நர்சரியில் பச்சை நிழல்வலைக்கு அடியில் இருந்த செடி திடீரென்று முழு வெயிலைத் தாங்காது. மடலில் வெளிறிய பழுப்புத் திட்டு விழும், அது மறையாது. முதல் இரண்டு, மூன்று வாரம் பிற்பகலில் மட்டும் பாதி நிழல் தரும் வலையைக் குச்சி நட்டுக் கட்டிவிட்டுப் பிறகு எடுத்துவிடுங்கள்.

7. முதல் ஆண்டுத் தண்ணீர்

மாசி முதல் ஆனி வரை பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வேர் ஆழம் நனையும்படி ஊற்றுங்கள். குருத்துக்குள் ஊற்றாமல் சுற்றி ஊற்றுங்கள். தினமும் ஒரு குவளை ஊற்றுவது இரண்டு விதத்திலும் கெடுதல்: வேர் மேலேயே நின்றுவிடும், கழுத்து எப்போதும் ஈரமாக இருக்கும். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் மற்ற செடிகளின் வரிசையில் இதைச் சேர்க்காதீர்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து கோடையில் மாதம் ஒருமுறை போதும். ஆனைக்கற்றாழைக்கு அதுவும் வேண்டாம்.

செடி தாகத்தில் இருந்தால் மடல் உள்நோக்கி மடங்கும், அடி மடலில் சுருக்கம் விழும், ஆனால் கெட்டியாகவே இருக்கும். தண்ணீர் மிஞ்சினால் மடல் மஞ்சளாகிக் கொழகொழக்கும். இரண்டையும் வாட்டம் என்று ஒன்றாக எண்ணித் தண்ணீரைக் கூட்டிவிடக் கூடாது. தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உரம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆனியில் ஒரு கைப்பிடி மக்கிய உரம். யூரியா வேண்டாம்.

8. முதல் ஐப்பசி

புரட்டாசிக் கடைசியில் மேட்டின் அடியில் நீர் வெளியேறும் இடைவெளிகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். காய்ந்த அடி மடல்களை அகற்றுங்கள். விழுந்து கிடக்கும் சருகைக் குருத்திலிருந்து எடுங்கள். விக்டோரியே ரெஜினே போன்ற சிறிய, விலை கூடிய செடிக்கு நான்கு குச்சி நட்டு, பக்கவாட்டில் காற்றுப் போக இடம் விட்டு, மேலே மட்டும் பாலிதீன் தாள் கட்டுவது நல்ல பழக்கம்.

அடைமழை நாட்களில் வாரம் இருமுறை போய் அடி மடலைத் தொட்டுப் பாருங்கள். கழுத்தில் நீர் கோத்தது போன்ற கரும்பச்சைத் திட்டு, மெதுமெதுப்பு, புளித்த வாடை, இவற்றில் எது தெரிந்தாலும் மழை விடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றே பிடுங்குங்கள். அழுகிய பகுதியை, உள்ளே வெள்ளை வெளேரென்ற சதை தெரியும் வரை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். மழை படாத இடத்தில் இரண்டு வாரம் உலர்த்தி, வறண்ட மணல் தொட்டியில் வைத்தால் வேர் விட வாய்ப்புண்டு. குருத்தை லேசாக இழுக்கும்போதே கையோடு வந்துவிட்டால் அந்தச் செடி முடிந்தது. அதன் பக்கக் கன்றுகளைக் காப்பாற்றுங்கள்.

பக்கத்துச் செடிகளுக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சணக்கொல்லி மருந்தை லிட்டருக்கு இரண்டரை கிராம் கலந்து வேர்ப்பகுதியில் ஊற்றலாம். உரக்கடையில் கிடைக்கும். முன்னரே டிரைக்கோடெர்மா விரிடி இட்டிருந்தால் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். தாமிர மருந்து அந்த நல்ல பூஞ்சணத்தையும் கொல்லும். எவ்வளவு மருந்து ஊற்றினாலும் வடிகால் இல்லாத மேட்டுக்கு அது ஈடாகாது.

9. பூச்சியும் முள்ளும்

மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் மடல் இடுக்கில் வரும். எறும்பு வரிசை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் மேலே பூச்சி இருக்கும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், வெயில் நாளில் காலையிலேயே செய்யுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதானால் மாலையில் தெளியுங்கள். வெயிலில் எண்ணெய் மடலைக் கருக்கும், நீலம் பூத்த வகைகளின் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சும் போய்விடும்.

பாதைப் பக்கம் நீளும் மடலின் முள் நுனியை மட்டும், அரை அங்குலத்துக்கு உள்ளாக, நகவெட்டியால் நறுக்கலாம். மடலைப் பாதியில் வெட்டினால் அந்த வடு மடல் இருக்கும் வரை இருக்கும். சுழலும் புல்வெட்டும் இயந்திரத்தை அருகில் கொண்டுபோகவே கூடாது. சிதறும் சாறு கை, கால், முகம் முழுக்கத் தெறித்து எரிச்சலும் கொப்புளமும் உண்டாக்கும். சாறு பட்டால் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். முள் ஆழமாக ஏறி நுனி உள்ளே ஒடிந்துவிட்டால் வீட்டில் தோண்டாமல் மருத்துவரிடம் போங்கள். தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டெட்டனஸ் ஊசியையும் கேளுங்கள். கண்ணில் முள் பட்டால் தேய்க்காமல், அதைப் பிடுங்காமல், உடனே கண் மருத்துவமனை.

10. பக்கக் கன்று

நட்ட இரண்டாம், மூன்றாம் ஆண்டில் கன்று வரத் தொடங்கும். ஒரு சாண் உயரமும் நான்கைந்து மடலும் வந்ததும் பிரிக்கலாம். தாய்ச்செடியோடு இணைக்கும் வேர்த்தண்டை மண்வெட்டியால் ஒரே வெட்டில் துண்டித்து, ஒரு வாரம் உலர்த்தி, ஆறாம் படியில் சொன்னபடியே நடுங்கள். இதற்கும் தைதான் காலம். ஆனைக்கற்றாழைக் கன்றை ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்துவிடுங்கள். மூன்று ஆண்டு விட்டால் ஆள் நுழைய முடியாத புதராகிவிடும்.

11. பூத்தால்

பெரும்பாலான அகேவ்கள் வாழ்நாளில் ஒரே முறை பூத்து மடியும். ஆனைக்கற்றாழை பத்திலிருந்து முப்பது ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் பூக்கலாம். குருத்து மடல்கள் சிறுத்துக்கொண்டே வந்து, நடுவிலிருந்து ஒரு தண்டு நாளுக்கு நாள் கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் எழும்பினால் காலம் வந்துவிட்டது என்று பொருள். தண்டை வெட்டிவிட்டால் செடி பிழைக்கும் என்று சிலர் சொல்வார்கள்; பூக்கத் தொடங்கிய மடல் வட்டம் அதனால் பிழைக்காது. விட்டுவிடுங்கள், பூக்கட்டும். காற்று பலமாக அடிக்கும் ஊரென்றால் மட்டும், தண்டு சாயும் திசையில் வீடோ கம்பியோ இல்லாதபடி மூன்று பக்கம் கயிறு கட்டுங்கள். காய்ந்த பிறகு தண்டு எடை குறைந்து, இரண்டு பேர் கைவாளால் அறுத்து இறக்கும் அளவுக்கு ஆகிவிடும்.

அடிப்பகுதியைத் தோண்டி எடுப்பதுதான் பாடு. மடல்களை முதலில் அறுத்து, உலர வைத்து, பிறகு கடப்பாரையால் நெம்ப வேண்டும். பெரிய ஆனைக்கற்றாழை என்றால் இரண்டு ஆட்களுக்கு முழு நாள் வேலை. கூலி பேசும்போது முள் இருப்பதைச் சொல்லிப் பேசுங்கள். வெட்டிய மடலை மாட்டுக்குப் போடவோ குப்பைத் தொட்டியில் வெறுமனே எறியவோ வேண்டாம். முள் நுனியைக் கழித்து, துப்புரவுப் பணியாளரின் கையைக் குத்தாதபடி சாக்கில் கட்டிக் கொடுங்கள்.

அங்குஸ்டிஃபோலியாவும் சிசலானாவும் பூத்த தண்டிலேயே நூற்றுக்கணக்கில் குட்டிக் கன்றுகளைத் தாங்கும். அவை உதிர்ந்து மேடு முழுக்க முளைக்கும் முன்பே ஒரு பெட்டியில் பறித்துக்கொள்ளுங்கள். மூன்று அங்குலம் உள்ளவற்றை மணல் தட்டில் வைத்தால் சில வாரங்களில் வேர் விடும். கேட்பவர்களுக்குக் கொடுக்கும்போது வகையின் பெயர், முழு வளர்ச்சியில் எவ்வளவு அகலும், முள் உண்டா என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதித் தொட்டியில் ஒட்டிக் கொடுங்கள்.